சிரிஞ்சுக்குள் அடங்காத கருவேல நெற்று

மர இலை, நெற்று, தட்டை இதுகளோட தீவன மதிப்பைப் பற்றி நம்ம நாட்டில் வருகிற ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு உண்டு. பத்துப் பன்னிரண்டு மாதிரிகளைச் சேகரிப்பார்கள். காயவைத்து, அரைத்து, கச்சாப் புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு என்று முதல் அட்டவணை போடுவார்கள். அப்புறம் அந்தப் பொடியை இரைப்பைச் சாற்றில் 24 மணி நேரம் புளிக்கவைத்து, எத்தனை மில்லி வாயு வந்தது என்று இரண்டாவது அட்டவணை. அந்த எண்ணை ஒரு சமன்பாட்டில் போட்டு ஆற்றல் கணக்கு, இரண்டு தசமத்தோடு. கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு வரி வரும்: இது கோடைக்கு ஏற்ற நல்ல மாற்றுத் தீவனம்.

இந்த வகைக் கட்டுரைகளைச் சில வருஷமாக விடாமல் வாசித்து வருகிறேன். காரணம் சொந்த ஊர்தான். வெளியூர்க்காரர்களுக்குச் சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிக்காயும். பக்கத்தில் சிவகாசி இருப்பதால் பட்டாசும் தீப்பெட்டியும். ஆனால் ஊரைத் தாண்டிக் கரிசலுக்குள் இறங்கினால், தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு வேலைக்கும் போகிற பல வீடுகளில் வாசலில் இரண்டு மூன்று ஆடு கட்டியிருக்கும். கறுப்பு உடம்பில் முகத்திலும் காலிலும் வெள்ளையோ செம்பழுப்போ கோடு ஓடுகிற கன்னி ஆடு. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்துக்கே உரிய இனம். வேலை நின்றுபோன மாசத்தில் எட்டயபுரம் சந்தைக்குப் போவது அந்த ஆட்டில் ஒன்றுதான். வங்கிக் கணக்கு மாதிரி. அந்தக் கணக்கு சித்திரை, வைகாசியில் கரையாமல் இருக்க என்ன போடுவது? தட்டை தீர்ந்திருக்கும், புல் கருகியிருக்கும். கண்மாய்க்குள் உதிர்ந்து கிடக்கிற கருவேல நெற்று, வேலியோரம் சீமைக் கருவேல நெற்று, காசு இருந்தால் கொஞ்சம் பருத்திக்கொட்டையோ புண்ணாக்கோ. ஆக, எந்த நெற்றுக்கு என்ன மதிப்பு என்பது அங்கே ஏட்டுக் கேள்வி இல்லை. புண்ணாக்கு வாங்குவதா வேண்டாமா என்கிற காசுக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மேலே சொன்ன கட்டுரைகள் பதில் சொல்வதாகத் தோன்றும். சொல்லவில்லை என்பதுதான் என் வாதம். வாயுச் சோதனை நல்ல கருவிதான், எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதற்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்று, நாம் அதனிடம் கேட்கிற கேள்வி வேறு ஒன்று. கருவேல நெற்றில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரியும்.

முதலில் சோதனை என்ன என்று பார்த்துவிடுவோம். ஆடு, மாடு அசைபோடுகிற விலங்குகள். அவற்றின் இரைப்பை நாலு அறை. முதல் பெரிய அறைக்குப் பெயர் ரூமன். அது ஒரு புளிப்புத் தொட்டி. ஆட்டுக்கு வைக்கோலைச் செரிக்கத் தெரியாது. தொட்டிக்குள் வாழ்கிற பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை எல்லாம் சேர்ந்து செரிக்கின்றன. நாரைச் சிதைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்கிற சிறு அமிலங்களாக வெளியே விடுகின்றன. அந்த அமிலம்தான் ஆட்டுக்குக் கிடைக்கிற பெரும்பான்மை ஆற்றல். வேலை முடிந்த நுண்ணுயிர்கள் குடலுக்குள் போய் தாங்களே செரிமானம் ஆகிவிடுகின்றன. ஆட்டுக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கு அப்படித்தான் வருகிறது. மிச்சமாவது கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும். அது ஏப்பமாகப் போய்விடும்.

இந்தத் தொட்டியைக் கண்டுகொள்ளாமலேயே ரொம்ப காலம் தீவனத்துக்கு மதிப்புப் போட்டார்கள். 1860களில் ஜெர்மனியில் வீண்டே என்ற இடத்தில் ஹென்னபர்க்கும் ஸ்டோமானும் உருவாக்கிய பகுப்பாய்வு முறைதான் இன்றைக்கும் தீவன மூட்டையில் அச்சாகிறது: ஈரம், கச்சாப் புரதம், கச்சாக் கொழுப்பு, கச்சா நார், சாம்பல். இதில் 'கச்சா' என்கிற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. 1883இல் கோபன்ஹேகனில் கியெல்டால் கண்டுபிடித்த முறையில் அளக்கப்படுவது நைட்ரஜன். அதை 6.25ஆல் பெருக்கினால் கச்சாப் புரதம். அந்த நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று அந்த முறைக்குத் தெரியாது. உரக்கடை யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. 6.25ஆல் பெருக்கிப் பாருங்கள்: 287.5. நூறு கிலோவில் 287 கிலோ புரதம்! நூறு கிலோ தவிட்டில் இரண்டு கிலோ யூரியாவைக் கலந்தால் காகிதத்தில் புரதம் ஐந்து புள்ளிக்கு மேல் ஏறிவிடும். அளவோடு கொடுத்தால் ரூமன் நுண்ணுயிர்கள் யூரியாவையும் புரதமாக்கிக்கொள்ளும், உண்மைதான். அளவு மீறினால் நஞ்சு. மூட்டையில் இருக்கிற ஒற்றை எண் இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

வீண்டே முறையின் 'நார்' இன்னும் மோசம். அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்தபின் மிஞ்சுவது நார் என்று கணக்கு. அந்தக் கொதிப்பில் லிக்னின் ஒரு பகுதியும் கரைந்து ஓடிவிடும். ஓடியதெல்லாம் எளிதில் செரிக்கிற மாவுப் பங்கில் போய்ச் சேரும். எதுவுமே செரிக்காத மரச்சக்கை மாவாக வேஷம் போடும். அமெரிக்காவில் வான் சூஸ்ட் 1960களில் சோப்புக் கரைசல்களை வைத்து நாரை ஒழுங்காகப் பிரிக்கிறவரை நூறு வருஷம் இப்படியே ஓடியது.

ரசாயனத்தை விட்டுவிட்டு நுண்ணுயிர்களையே கேட்டுவிடலாம் என்ற யோசனையை எல்லோரும் கையாளும் முறையாக்கியவர்கள் டில்லியும் டெரியும், 1963இல், இங்கிலாந்தின் ஹர்லி புல்வெளி ஆய்வு நிலையத்தில். அரை கிராம் பொடி, இரைப்பைச் சாறு, செயற்கை உமிழ்நீர், 48 மணி நேரம். பிறகு பெப்சினும் அமிலமும் சேர்த்து இன்னொரு 48 மணி நேரம். மிஞ்சியதை எடை போட்டால் செரிக்காதது எவ்வளவு என்று தெரியும். எளிமையான, நேர்மையான முறை. குறை என்னவென்றால் நாலு நாள் கழித்து ஒரே ஒரு எண்தான் வரும். எவ்வளவு வேகத்தில் செரித்தது என்று தெரியாது.

அடுத்து வந்ததுதான் நம்ம விஷயம். 1979இல் ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கேயும் கூட்டாளிகளும் எடையை விட்டுவிட்டு வாயுவை அளந்தார்கள். 1988இல் மென்கேயும் ஸ்டைன்காஸும் அதை விரித்து எழுதினார்கள். 100 மில்லி கண்ணாடி சிரிஞ்சில் 200 மில்லிகிராம் பொடி. பத்து மில்லி இரைப்பைச் சாறு, இருபது மில்லி உப்புக் கரைசல், ஆக முப்பது. காற்று உள்ளே போகாதபடி கார்பன் டை ஆக்சைடு ஊதி, 39 டிகிரியில் வைத்துவிட வேண்டியது. வாயு சேரச் சேர பிஸ்டன் மேலே ஏறும். சிரிஞ்சில் அச்சடித்த கோட்டைப் படித்துக்கொண்டே இருக்கலாம். விலை உயர்ந்த எந்திரம் எதுவும் வேண்டாம், ஒரே நாளில் ஐம்பது அறுபது மாதிரி பார்க்கலாம். பணமில்லாத ஆய்வுக்கூடத்துக்கு வரப்பிரசாதம். இந்தியாவில் இது பரவியதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது அந்தச் சமன்பாடு. வளர்சிதை ஆற்றல், ஒரு கிலோ உலர்பொருளுக்கு மெகாஜூலில், இப்படி வரும்: 2.20 + 0.136 × வாயு + 0.057 × கச்சாப் புரதம். சோளத்தட்டையில் 35 மில்லி வாயு வந்து, புரதம் 5 விழுக்காடு என்றால் 2.20 + 4.76 + 0.285. ஏறக்குறைய 7.25 மெகாஜூல். நம்பும்படி இருக்கிறது. இப்போது சிரிஞ்சில் செங்கல் பொடி போடுவோம். வாயு சைபர், புரதம் சைபர். விடை 2.20 மெகாஜூல். செங்கல்லில் ஆற்றல் இருக்கிறது என்கிறது கணக்கு!

இது மென்கேயின் பிழை இல்லை. உயிருள்ள விலங்குகளில் நேரடியாக எடுத்த செரிமான அளவுகளையும் சிரிஞ்சு வாயுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு அவர்கள் சோதித்த தீவனங்களுக்குப் பொருந்தும். அவை பெரும்பாலும் ஐரோப்பாவில் புழங்கிய புல், உலர்புல், தானியம், புண்ணாக்கு. அந்த வரம்புக்கு வெளியே கோட்டை நீட்டினால் செங்கல்லும் தீவனமாகும். கருவேல நெற்று செங்கல் அளவுக்கு வெளியே இல்லை. ஆனால் உள்ளேயும் இல்லை. இதைச் சொல்லாமல், அதே சமன்பாட்டில் பன்னிரண்டு மர இலைகளைப் போட்டு 7.25, 7.31 என்று இரண்டாம் தசமத்தில் ரேங்க் கொடுப்பதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

அடிப்படையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வாயு என்பது ஆட்டுக்குக் கிடைப்பது இல்லை, ஆடு வெளியே விடுவது. ஏப்பத்தை அளந்து சாப்பாட்டுக்கு மார்க் போடுகிற முறை இது. சர்க்கரை அசிட்டிக் அமிலமாக உடையும்போது கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் வரும், ஹைட்ரஜன் மீத்தேனாகும். அதே சர்க்கரை புரோப்பியோனிக் அமிலமானால் நேரடியாக வாயு வராது. ஆட்டுக்கு ரத்தச் சர்க்கரை தருவது புரோப்பியோனிக் அமிலம்தான். அதாவது ஆட்டுக்கு அதிக லாபமான வழியில் வாயு குறைவு. அப்படியானால் சோதனை எப்படி வேலை செய்கிறது? சிரிஞ்சில் இருக்கிற பைகார்பனேட் உப்பு காரணம். எந்த அமிலம் வந்தாலும் அது பைகார்பனேட்டோடு சேர்ந்து நுரைத்து வாயு விடும். எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடா போட்ட மாதிரி. நார்த் தீவனங்களில் மொத்த வாயுவில் பாதி அளவுக்கு இப்படி வருவதுதான். அதனால் மொத்தத்தில் கணக்கு ஓரளவு சரியாக விழுகிறது.

புண்ணாக்குக்கு மட்டும் சரியாக விழாது. புரதம் சிதையும்போது அம்மோனியா வரும், அது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பிலிருந்து வாயு அநேகமாக வராது. கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வாயு அளவில் சோளத்தை விட மட்டமாகத் தெரிவது இதனால்தான். சமன்பாட்டில் புரதத்துக்குத் தனி உறுப்பு சேர்த்தது இதை ஈடுகட்டத்தான்.

மைக்கேல் ப்ளுமல், ஹரிந்தர் மக்கர், பெக்கர் மூவரும் 1997இல் எழுதிய கட்டுரை இந்தச் சோதனையைப் பற்றி வந்த விமர்சனங்களிலேயே எனக்குப் பிடித்தது. சோதனையைத் தினமும் செய்கிறவர்களே அதைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னது: சிதைந்த தீவனம் இரண்டு பக்கம் பிரிகிறது. ஒரு பங்கு வாயுவும் அமிலமும் ஆகிறது, இன்னொரு பங்கு நுண்ணுயிர் உடம்பாகிறது. ஒன்று கூடினால் மற்றது குறையும். வாயுவை மட்டும் பார்த்துத் தீவனத்தைத் தேர்ந்தெடுத்தால், ஆட்டுக்குப் புரதம் தரும் நுண்ணுயிர்களைக் குறைவாக வளர்க்கிற தீவனத்தைத் தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் வாயுவோடு, உண்மையில் எத்தனை மில்லிகிராம் சிதைந்தது என்பதையும் அளக்கச் சொன்னார்கள். ஒரு மில்லி வாயுவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு விகிதம். ரசாயனக் கணக்குப்படி அது 2.74க்கும் 4.41க்கும் நடுவே இருக்க வேண்டும்.

டானின் நிறைந்த இலைகளில் அந்த விகிதம் 4.41ஐத் தாண்டிப் போகும். சாத்தியமே இல்லாத எண். என்ன நடக்கிறது? டானின் தண்ணீரில் கரைகிறது. எடை குறைகிறது. ஆனால் யாரும் அதைச் சாப்பிடவில்லை, வாயு வரவில்லை. கரைந்ததைச் செரித்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறோம். இதே ஏமாற்று நைலான் பை முறையிலும் உண்டு. எர்ஷ்கோவும் மெக்டொனால்டும் 1979இல் கணக்குச் சூத்திரம் கொடுத்த முறை அது: பொடியைப் பொடிக்கண் நைலான் பையில் கட்டி, விலாவில் துளையிட்டுக் குழாய் பொருத்திய மாட்டின் ரூமனுக்குள்ளேயே தொங்கவிடுவது. கரைந்ததும், கண்ணில் நழுவிய தூளும் எல்லாம் செரித்த பங்கில் போய்விடும்.

டானினை எடுத்தால் கருவேலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் தோல் பதனிட இந்த நெற்றைத்தான் ஊறப்போட்டார்கள். தோலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கெட்டியாக்குகிற அதே சரக்கு, ரூமனில் தீவனப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். எங்க பக்கத்து ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "நெத்துப் போட்டா ஆடு வாடாது தம்பி. ஆனா அதையே போட்டா புழுக்கை கல்லாயிரும். தட்டையோட சேத்துப் போடணும்" என்றார். அவர் சொன்னதை ஆய்வுக்கூடத்தில் பார்க்க வழி இருக்கிறது. மக்கரும் கூட்டாளிகளும் 1995இல் சொன்ன வழி: ஒரு சிரிஞ்சில் வெறும் நெற்றுப் பொடி, இன்னொன்றில் அதே பொடியோடு பாலி எத்திலீன் கிளைக்கால். கிளைக்கால் டானினைக் கட்டிப்போட்டுவிடும். இரண்டாவது சிரிஞ்சில் வாயு எவ்வளவு கூடுகிறதோ அதுதான் டானின் செய்த தடை. சிக்கனம், அழகு. கருவேலத்தைப் பற்றி எழுதிவிட்டு இதைச் செய்யாமல் விடுவது உப்புப் பார்க்காமல் குழம்பு இறக்குவது போல.

(டானின் எப்போதும் வில்லன் இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய விலங்கு ஊட்டச்சத்து நிறுவனம் 'ஹரித் தாரா' என்று டானின் தாவரங்களை வைத்தே ஒரு தீவனச் சேர்க்கை செய்தது, மாடு விடுகிற மீத்தேனைக் குறைக்க. சிரிஞ்சில் வாயு குறைந்தால் ஒரு கட்டுரையில் அது குற்றம், இன்னொரு கட்டுரையில் சாதனை. எண் ஒன்றுதான்.)

இனிமேல் சொல்லப்போவது தான் என்னுடைய முக்கியமான புகார். இது டானினும் இல்லை, சமன்பாடும் இல்லை. அரவை எந்திரம்.

மேலே சொன்ன எல்லா முறைகளும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: மாதிரியைக் காயவை, ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் விழும்படி அரை. இதற்கு நியாயமான காரணம் உண்டு. 200 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை. அதில் எல்லாப் பகுதியும் சமமாக இருக்க வேண்டும் என்றால் நைசாக அரைத்துத்தான் ஆக வேண்டும். தட்டை, வைக்கோல், புல் என்றால் பெரிய பாதகம் இல்லை. ஆடு அதை மென்று, அசைபோட்டு, மறுபடி மென்று தானே பொடியாக்கிவிடும். நெற்று அப்படியா?

கருவேல நெற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணி கோத்த மாலை மாதிரி இடுங்கி இடுங்கி இருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புக் கொட்டை, கல் மாதிரி. வெளியே இருக்கிற சதையும் தோலும் ஆட்டுக்கு. கொட்டையை ஆடு என்ன செய்கிறது என்று ஆடு வளர்க்கிற எந்த வீட்டிலும் கேட்கலாம். ராத்திரி அசைபோடும்போது துப்பிவிடும். காலையில் பட்டியைக் கூட்டினால் புழுக்கையோடு கொட்டையும் சேர்ந்து வரும். சில கொட்டை வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையிலேயே முழுசாக வெளியே வரும். கொஞ்சத்தைக் கடித்து நொறுக்கவும் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பங்கு முழுசாகத் தப்பிவிடுகிறது.

இது வனத்துறைக்கு நன்றாகத் தெரியும். 1980களில் ஸ்வீடன் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் நடந்தபோது கண்மாய் கண்மாயாகக் கருவேலம் வளர்த்தார்கள். நாற்றங்கால் வேலை தெரிந்தவர்கள் ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதையைத்தான் விரும்பிக் கேட்பார்கள். மரத்திலிருந்து நேராக எடுத்த விதையை விட ஆட்டு வயிற்றுக்குள் போய்வந்த விதை நன்றாக முளைக்கும், தோல் இளகியிருக்கும். ஒரு விதை ரூமனில் கிடந்து ஊறி வெளியே வந்து முளைக்கிறது என்றால், உள்ளே இருந்த பருப்பு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டுக்கு அது கிடைக்கவில்லை.

அதே விதையை ஆய்வுக்கூடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு அரைக்கிறோம். பருப்பில் உள்ள புரதமெல்லாம் நெற்றின் கணக்கில் ஏறிவிடுகிறது. கருவேல நெற்றின் கச்சாப் புரதம் 10 முதல் 15 விழுக்காடு என்று அட்டவணைகளில் பார்க்கிறோமே, அது கொட்டையும் சேர்ந்த எண். கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம்: முழு நெற்றில் புரதம் 12, அதில் பாதி கொட்டைக்குள். ஆடு கொட்டையில் முக்கால்வாசியைத் துப்புகிறது. அப்படியானால் ஆட்டுக்குப் போய்ச் சேர்வது 12 இல்லை, 7.5. அதிலும் டானின் பிடித்தது போக மீதி. பன்னிரண்டை நம்பிப் புண்ணாக்கை நிறுத்திய வீட்டில், சினை ஆடு குட்டி போட்டபின் பால் இறங்காமல் நிற்கும். ஏன் என்று யாருக்கும் புரியாது. அட்டவணையில் எல்லாம் சரியாக இருக்கும்.

சீமைக் கருவேலத்தில் இது இன்னும் கூர்மை. அதன் இனிப்பான சதைக்கு ஆடு அலையும். விதை கெட்டியான உறைக்குள் இருக்கிறது. விழுங்கிய விதை புழுக்கை வழியாக ஊரெல்லாம் போனதால்தானே இன்றைக்கு ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்கள் இப்படி இருக்கின்றன? சீமைக் கருவேலம் கால்நடை வயிறு வழியாகப் பரவுகிறது என்று ஒரு துறை புகார் சொல்கிறது. அதன் நெற்றில் இத்தனை விழுக்காடு செரிக்கும் புரதம் என்று இன்னொரு துறை அட்டவணை போடுகிறது. ஒரே விதை. இரண்டு துறையும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் போதும். அரைத்துப் போட்டால் கதை வேறு: மாவாக்கிய நெற்றுக்கு ஆய்வுக்கூட எண் பொருந்தும். அப்படி அரைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கட்டுரையில் "நெற்று" என்று மட்டும் எழுதினால், மரத்தடியில் ஆடு பொறுக்கித் தின்பதையும் மில்லில் அரைத்ததையும் வாசகன் எப்படிப் பிரிப்பான்? பிரேசிலில் இந்த நெற்றையே முக்கியத் தீவனமாக நீண்ட நாள் தின்ற மாடுகளுக்கு முகத் தசை வற்றி வாய் கோணுகிற நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. அது 24 மணி நேர சிரிஞ்சில் தெரியவே தெரியாது.

காயவைப்பதும் இப்படித்தான் சிலதை மறைக்கும். மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து ஆடு மாடு வீங்கி விழுந்து சாவது கரிசலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பயிரில் சேர்கிற சயனைடு காரணம். அதே பயிரைப் பிடுங்கி அடுப்பில் உலர்த்தினால் சயனைடு பெருமளவு ஆவியாகிவிடும். இளம் பயிர் என்பதால் நார் குறைவு, வாயு பிரமாதமாக வரும். ஆட்டைக் கொல்கிற பயிர், அட்டவணையில் முதல் இடம்.

அப்புறம், யாருடைய இரைப்பைச் சாறு? இதைப் பல கட்டுரைகளில் அரை வரியில் கடந்துவிடுகிறார்கள். சூபாபுல் கதை இதற்கு நல்ல உதாரணம். அந்த இலையில் உள்ள மைமோசின் ஆஸ்திரேலிய மாடுகளை நோயாளியாக்கியது. ஹவாய் ஆடுகளோ அதையே தின்று சௌக்கியமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்று பாக்டீரியாவில் இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். ஹவாய் ஆடுகளின் பாக்டீரியாவை ஆஸ்திரேலிய விலங்குகளுக்கு மாற்றியபோது நஞ்சு போயிற்று; 1986இல் அதை வெளியிட்டார்கள். 1992இல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். ஒரே இலை, ஒரு வயிற்றில் விஷம், இன்னொன்றில் தீனி. அப்படியிருக்க, பண்ணையில் பசும்புல்லும் அடர்தீவனமும் தின்று வளர்ந்த மாட்டின் சாற்றில் கருவேல நெற்றைப் போட்டு, பிறந்ததிலிருந்து கருவேலம் தின்கிற கன்னி ஆட்டுக்குத் தீர்ப்புச் சொல்வது எப்படி? ஹோஹன்ஹைம்காரர்கள் இதை ஓரளவு யோசித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிலையான உலர்புல் மாதிரியைக் கூடவே வைத்து, அது எதிர்பார்த்த அளவுக்குப் பத்து விழுக்காடு மேலேயோ கீழேயோ போனால் அந்த நாள் சோதனையையே தள்ளச் சொன்னார்கள். அது சாறு அன்றைக்குச் சுறுசுறுப்பாக இருந்ததா என்று சொல்லும். கருவேலம் பழகிய சாறா என்று சொல்லாது.

இவ்வளவு திட்டிவிட்டு, இந்தச் சோதனை ஜெயித்த இடத்தையும் சொல்ல வேண்டும். ப்ளுமல் பிறகு ஹைதராபாத் பக்கம் பட்டான்சேருவில் சர்வதேசக் கால்நடை ஆய்வு நிறுவனத்துக்காக வேலை பார்த்தார். நகரத்துப் பால்மாடுகளுக்குச் சோளத்தட்டை வாங்கி விற்கிற வியாபாரிகளிடம் அவரும் ராவும் மாதிரி எடுத்து, விலையையும் குறித்துக்கொண்டார்கள், 2006இல் வெளியிட்டார்கள். வியாபாரிகள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு விலை சொல்கிறவர்கள். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் விலையோடு சேர்ந்தே நடந்தது செரிமானத் திறன். 47 விழுக்காடு செரிக்கிற தட்டைக்கும் 52 விழுக்காடு செரிக்கிற தட்டைக்கும் விலையில் கால் பங்கு வித்தியாசம். ஐந்தே புள்ளிக்கு! இதைப் பார்த்தபிறகுதான் சோள ரகம் உருவாக்குகிறவர்கள் தானியத்தோடு தட்டையின் தரத்தையும் பார்க்க வேண்டும் என்கிற பேச்சு வலுத்தது. சாத்தூர்க் கரிசலில் சோளம் போடுகிறவர்களுக்கும் இது நேரடி லாபம்.

ஏன் அங்கே ஜெயித்தது? சோளத்தட்டையைச் சோளத்தட்டையோடு ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒரே வகை நார், டானின் தொல்லை இல்லை, ஆடு மாடும் அதை மென்று பொடியாக்கத்தான் போகிறது. மேலே சொன்ன எல்லாக் குறையும் எல்லா மாதிரிக்கும் ஒரே அளவில் இருந்ததால் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது நிஜமான வித்தியாசம். கருவேல நெற்றையும் பருத்திக்கொட்டையையும் அகத்தி இலையையும் ஒரே அட்டவணையில் வைத்து ரேங்க் போடும்போது குறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவில் இருக்கின்றன.

நெற்று விஷயத்தைச் சரிசெய்யப் பெரிய ஆராய்ச்சித் திட்டம் வேண்டாம். ஆறு கன்னி ஆடுகளுக்கு எண்ணி எடைபோட்ட நெற்றைக் கொடுத்து, பட்டியில் துப்பிய கொட்டையையும் புழுக்கையில் வந்த கொட்டையையும் ஒரு வாரம் பொறுக்கி எண்ணினாலே முதல் பாதி தெரிந்துவிடும். சாக்குப் பையும் பொறுமையும் போதும். பிறகு சதையைத் தனியாக, கொட்டையைத் தனியாக அரைத்து, கிளைக்காலோடும் இல்லாமலும் சிரிஞ்சில் வைக்க வேண்டும். சாறுக்கு விலாவில் துளைபோட்ட மாடு தேவையில்லை. சாத்தூரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கறிக்கடைக்கு அறுக்கிற கன்னி ஆடுகளில், கோடை முழுக்க நெற்று தின்றது எது என்று விற்றவருக்கே தெரியும். வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி வைத்த தெர்மாஸ் ஃப்ளாஸ்கில், நாலு மடிப்புத் துணியில் பிழிந்த சாற்றை விளிம்பு வரை நிரப்பி மூடினால், நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றரை மணி நேரம். அதற்குள் சாறு ஆறிவிடாது.